காலில் வளையம் போட்டவர்

பாலைவனத்து ஆற்றங்கரை நாணலில் கதிர்க்குருவிகள் கூடியிருந்தன. விடிந்தால் மணல்காட்டைக் கடந்தாக வேண்டும். போன வருஷம் வழிகாட்டிய வெண்புருவன் முன்னால் வந்தது.

"காலில வளையம் போட்டவர் இருக்கும்போது நீ எதுக்கு?" என்று எல்லாம் அதை ஒதுக்கின.

வளையக்காரர் முன்னால் பறந்தார். நாள் முழுக்கப் பறந்து, நாக்கு வறண்டு, பொழுது சாய இறங்கிப் பார்த்தால் அதே ஆறு, அதே நாணல்.

வெண்புருவன் கேட்டது: "அண்ணே, அந்த வளையத்தை எதுக்குக் கொடுத்தாங்க?"

"வலையில சிக்கிக்கிட்டேன். மனுஷங்க பிரிச்செடுத்து, எடை பார்த்து, இதைப் போட்டுப் பறக்க விட்டாங்க."

பின்னாலிருந்து ஒரு குருவி தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டது:

"அந்த வலை எந்தப் பக்கம் இருக்கு, அண்ணே?"