எட்டாயிரம் அடி

"ஒன்பதாயிரம் அடியிலேயே இருங்கள்" என்று ஜம்புலிங்கம் மைக்கில் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிவஞானத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போர்ட் பிளேர் விமான நிலையத்துக் கட்டுப்பாட்டு அறை. வெளியே அறுபத்தேழாம் வருஷத்து மழை. சிவஞானம் கப்பலில் வந்து இறங்கி எட்டு நாள்கூட ஆகவில்லை. விமானிகள் சொல்வதை நேரம் போட்டு எழுதுவது அவன் வேலை. ஏறு, இறங்கு என்று உத்தரவு கொடுப்பது ஜம்புலிங்கம் ஒருவர்தான்.

கல்கத்தாவுக்குக் கிளம்பிய டகோட்டா விமானத்தில் ஒரு பெண் மூச்சுக்குத் தவிக்கிறாள். அந்த உயரத்தில் காற்று போதவில்லை, கீழே விடுங்கள் என்று விமானி கெஞ்சுகிறார். ஆனால் அடுத்த படியான எட்டாயிரத்தில், மேகத்துக்குள், எதிரே இன்னொரு விமானம் வந்துகொண்டிருக்கிறது.

எதிரே வரும் அந்த விமானத்துக்கு முதலில் இறங்க அனுமதி கொடுத்தார் ஜம்புலிங்கம். எட்டாயிரத்தை விட்டு இறங்கிவிட்டேன் என்று உடனே பதில் வந்தது.

அப்பாடா! சிவஞானம் நேரம் குறித்தான்.

ஜம்புலிங்கம் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அதே விமானியைத் திரும்ப அழைத்து, இப்போது எத்தனை அடி என்றார்.

அட ராமா! விட்டாச்சு என்று ஆள் சொல்லிவிட்டான். அங்கே ஓர் உயிர் ஊசலாடுகிறது. இந்த மனுஷனுக்கு நெஞ்சா, கல்லா?

கொஞ்ச நேரம் கரகரப்பு. அப்புறம் அசடு வழிந்த குரல்: மன்னிக்கணும், இன்னும் எட்டாயிரம்தான், இதோ இறங்குகிறேன்.

சிவஞானம் தான் குறித்த நேரத்தை அடித்தான்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"இறங்கினா இன்ஜின் சத்தம் தணியணும்ல? தணியலையே."

பேச்சுக்குப் பின்னால் இருந்த சத்தத்தைக் கேட்டிருக்கிறார்! உத்தரவு காதில் விழுந்ததுமே, கை வேலை செய்யுமுன் வாய் முந்திக்கொள்வது சில விமானிகளின் பழக்கமாம். சிவஞானமும் அதே சத்தத்தைத்தான் கேட்டான். அவனுக்கு அது வெறும் இரைச்சல். எழுந்து நின்று அவரைக் கும்பிடலாம் போலிருந்தது.

இந்த முறை சத்தம் தணிந்தது அவனுக்கே கேட்டது. எதிரே வந்தவர் ஒவ்வோர் ஆயிரமாக விட விட, ஜம்புலிங்கம் டகோட்டாவையும் ஒவ்வோர் ஆயிரமாக இறக்கினார். குரலில் அவசரமே இல்லை.

கால்மணி கழித்து டகோட்டா பேசியது. நாலாயிரத்தில் இருக்கிறோம், அந்த அம்மாவுக்கு மூச்சு சீராகிவிட்டது, தூங்குகிறார்.

ஜம்புலிங்கம் முறைப்படி நன்றி சொன்னார். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைக்கப் போனார், அது நழுவிக் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"சிவஞானம், தஞ்சாவூர்ல என் மாமனாருக்கு ஒரு தந்தி கொடுக்கணும்பா. மரகதத்துக்கு மூச்சு சீராயிடுச்சு, தூங்குறாள்னு. எனக்குக் கை ஓடல, நீயே எழுதிடு."