தார்ப்பாய் முடிச்சு

புயல் கூரையைப் பிடுங்கிப் போன மறுநாளே சபையார் நீலத் தார்ப்பாயோடு வந்து நின்றார்கள். எப்சிபாவை ஏணியைக்கூடத் தொடவிடாமல் அவர்களே விரித்து, அவர்களே கட்டிக் கொடுத்தார்கள். அந்த முடிச்சில் ஒரு சூட்சுமம் இருந்தது. காற்று தார்ப்பாயைத் தூக்கத் தூக்க அது இறுகும்; தொங்குகிற கயிற்று நுனியை யாராவது சுண்டினால் மட்டும் மொத்தமும் அவிழ்ந்துவிடும். நுனி வாசலுக்கு வெளியே, ஆள் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது.

இன்று பிரதர் ஆசீர் நன்றிக் காணிக்கைக்காக வந்திருந்தார். மேற்கே வானம் கறுத்திருந்தது. உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் வேலைக்கே போகல பிரதர். கையில ஒண்ணுமில்ல."

"கட்டாயமில்ல சிஸ்டர். மனசு நெறஞ்சு குடுக்கறதுதான் ஆண்டவருக்குப் பிரியம்."

பேசப் பேச நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கயித்த விட்டுட்டுச் சொல்லுங்க பிரதர்."

"எந்தக் கயிறு?" என்று சிரித்தார். விரல் நிற்கவில்லை.

எப்சிபா அவர் தோளுக்கு மேலாக எதிர் வீட்டைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு பிரதர் கயிற்று நுனியைத் தடவியபடி கனிவாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரி தலையைச் சாய்த்துக் கம்மலின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.