ஒதுங்க ஒரு சுவர்

"வண்டிய நிறுத்து மச்சான்."

"இப்பதான மாமா ஏறினீங்க. கால் கிலோமீட்டர்கூடத் தாண்டல."

"அதெல்லாம் அதுக்குத் தெரியாது. நிறுத்து."

மணிவண்ணன் ஸ்கூட்டரை ஓரங்கட்டினான். பின்னாலிருந்து சிங்காரவேலு பட்டு வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

செலியமேட்டிலிருந்து பாகூர் மண்டபத்துக்கு மிஞ்சிப்போனால் கால் மணி நேரம். அங்கே அவருடைய ஒரே மகள் கல்பனாவுக்கு நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பெண்ணின் அப்பா தட்டு மாற்றியாக வேண்டும், அதுவும் காய்ந்த வேட்டியோடு. வீட்டுப் பெண்கள் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். வேனை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டிவரும் என்பதால், பெங்களூரிலிருந்து நேற்று வந்த மைத்துனனை ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லியிருந்தார்.

காரணம் சர்க்கரை. மூன்று மாதமாகத்தான் தெரியும். அதிலும் இந்த அவசரம் இருக்கிறதே, அது சொல்லிவிட்டு வருவதில்லை. வந்த பிறகுதான் சொல்கிறது.

போன வேகத்தில் சிங்காரவேலு திரும்பி வந்தார்.

"இன்னா மாமா, அதுக்குள்ளயா?"

"புள்ளையார் இருக்காரு."

"எங்க?"

"செவுத்துல. டைல்ஸ்ல."

அடுத்த சுவரில் முருகன் இருந்தார். அதற்கடுத்த சுவரில் வேளாங்கண்ணி மாதா. பால் சொசைட்டி பக்கத்தில் ஒரு சந்து காலியாக இருப்பதுபோலத் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஆஞ்சநேயர் மலையைத் தூக்கிக்கொண்டு நின்றார். சிங்காரவேலு கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"எந்த வேலையத்த பய மாமா இதெல்லாம் ஒட்டினவன்? கையில கெடச்சான்னா இருக்குது அவனுக்கு."

"திட்டாத மச்சான். அவனுக்கு இன்னா கஷ்டமோ."

"இப்ப கஷ்டம் அவனுக்கா, உங்களுக்கா?"

சிங்காரவேலு வேட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கழனிப் பக்கம் போயிடுங்களேன்."

போனார். இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் கால் வைத்ததும் இருபது பெண்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"இன்னா பெரியப்பா, பொண்ணுக்கு நிச்சயத்த வெச்சுக்கிட்டு இங்க நிக்கிற?"

"வயல பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா."

"இது உன் வயலு இல்லியே."

"பாத்தா இன்னா, தேஞ்சா பூடும்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். நடை கொஞ்சம் கொஞ்சமாக வாத்து நடையாகிக்கொண்டிருந்தது.

"ஏதாவது ஒரு வூட்டுல கேளுங்க மாமா. பாத்ரூம் இல்லாத வூடா?"

"இந்த ரோட்டுல பாதி வூடு சம்பந்தியோட சொந்தக்காரங்க வூடுடா. அப்பனுக்கு சுகருன்னா பொண்ணுக்கும் வரும்னு தட்டத் திருப்பிடுவாங்க. முப்பத்தோரு வயசுல இப்பதான் அதுக்கு ஒரு எடம் அமஞ்சிருக்குது."

"பெட்ரோல் பங்க்?"

"கேஷ்ல ஒக்காந்திருக்கறதே மாப்பிள்ளையோட சித்தப்பாதான்." சிங்காரவேலு நெற்றி வியர்வையைத் துடைத்தார். "காலையிலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல மச்சான். அப்பவும் இப்பிடிப் பண்ணுதே."

"தண்ணி குடிக்காம இருக்கக் கூடாதுன்னு டாக்டரு சொன்னதா நேத்து நீங்கதான சொன்னீங்க? தண்ணியக் கொறச்சா அவசரம் இன்னும்தான் அதிகமாவும்னாரே."

"டாக்டரா வந்து தட்டு மாத்தப் போறாரு?"

செல்போன் அடித்தது. மனைவி செல்வகுமாரி.

"எங்க இருக்கீங்க? மணி பத்தாவுது. சம்பந்தி பத்து வாட்டி கேட்டுட்டாரு."

"வர வழியில சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"எந்த சாமி?"

"எல்லா சாமியும்தான்" என்று போனை வைத்தார். அழுகையே வந்துவிட்டது. பெற்ற பெண்ணின் நிச்சயத்துக்கு வேட்டி நனைந்துபோய் நிற்கும் முதல் அப்பன் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். அந்த நினைப்பில் அவசரம் இன்னும் கூடியது.

பாகூர் எல்லையில் ஸ்கூட்டர் திரும்பியபோது, பூட்டிக் கிடக்கும் ஒரு ரைஸ் மில்லின் பின்சுவர் தெரிந்தது. நீளமான சுவர். பிள்ளையார் இல்லை, முருகன் இல்லை, மாதா இல்லை. ஆள் நடமாட்டமும் இல்லை. ஒரு மூலையில் கொத்தனார் ஒருவர் மட்டும் சிமென்ட் சட்டியோடு குந்தியிருந்தார்.

"நிறுத்து, நிறுத்து." வண்டி நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டார் சிங்காரவேலு.

கொத்தனார் நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று எழுந்து, மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார். ஒரு கையில் கரணை. இன்னொரு கையில் பளபளவென்று ஒரு பெருமாள் டைல்ஸ்.

"வாங்கய்யா. நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். பொண்ணுக்கு வரன் அமஞ்சா இந்த ரோட்டுல ஒரு செவுரு வுடாம நூத்தியெட்டு சாமி படம் பதிக்கிறேன்னு போன வருஷம் நேந்துக்கிட்டீங்க இல்ல? இதோ, நூத்தியெட்டாவது. இதையும் ஒட்டிட்டா, இனிமே ஒரு பய இங்க ஒதுங்க முடியாது."

சிங்காரவேலு கையெடுத்துக் கும்பிட்டார். பெருமாளை அல்ல, கொத்தனாரை.

"கொஞ்ச நேரம் அவர அந்தாண்ட திருப்பிப் புடிச்சுக்க மரியதாசு. நேந்துக்கிட்டப்ப எனக்கு சுகர் இல்ல."