சர்க்கரை போட்டேனா?

உக்கடத்துச் சந்து வீட்டின் சமையற்கட்டில் நாலு மணி வெயில் கண்ணாடித் தட்டுக்குள் இறங்கி, கடல்பாசியோடு சேர்ந்து ரோஸ் நிறத்தில் உறைந்து கிடக்கிறது. யாஸ்மின் தட்டை லேசாக அசைக்கிறாள். உள்ளிருக்கும் வெளிச்சம் முழுக்க நடுங்கி அடங்குகிறது. இன்று முப்பதாம் நோன்பு, நாளை பெருநாள். கல்யாணமாகி வந்து அவள் தன் கையால் செய்கிற முதல் இனிப்பு இது. சாப்பிடப் புருஷன் வீட்டார் அத்தனை பேரும் வருகிறார்கள். பாசி கொதிக்கையில் சர்க்கரை போட்டாளா என்பதுதான் ஞாபகமில்லை. நோன்பு வாயால் எப்படி ருசி பார்ப்பது? பக்கத்து வீட்டு விமலாராணியை அழைத்து வந்திருக்கிறாள். "அக்கா, ஒரு துண்டு வாயில போட்டுச் சொல்லுங்க." விமலாராணி தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "எனக்குத் தவக்காலமாச்சே அம்மணி. ஈஸ்டர் வரைக்கும் இனிப்பத் தொடறதில்லீன்னு சாமிகிட்டச் சொல்லிப்போட்டேன்." பொள்ளாச்சி பஸ்ஸின் ஹாரன் நீளமாக ஒலித்துத் தேய்கிறது. ரோஜா எசன்ஸ் வாசனை அசையாமல் நிற்கிறது. ஜன்னலிலிருந்து ஓர் எறும்பு இறங்கி வருகிறது. தட்டின் விளிம்பில் ஏறி, மீசையை ஆட்டி யோசிக்கிறது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறார்கள். எறும்பு தலையைத் தாழ்த்திக் கடல்பாசியில் வாய் வைக்கிறது. வைத்த வாயை எடுக்கவே இல்லை. "போட்டுத்தான் இருக்கற, அம்மணி" என்கிறாள் விமலாராணி, எறும்புக்குக் கேட்டுவிடாத குரலில்.