வெயில் விழாத மூலை

"இதுதான் மூணு மாசத்து வெள்ளாமையா?"

வைகுண்டராஜ் உள்ளங்கையில் கிடந்த தக்காளியை உருட்டிப் பார்த்தார். கோலிக்குண்டு அளவுதான் இருந்தது. அதிலும் பாதி பச்சை. எதிரே மனைவி செல்வக்கனி காபி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள்.

தேனியில் முப்பது வருஷமாக விதைக்கடை நடத்துகிற மனுஷர் அவர். சின்னமனூர், கம்பம் பக்கத்துச் சம்சாரிகளெல்லாம் "அண்ணாச்சி, இந்தப் பட்டத்துக்கு என்ன ரகம் போடலாம்?" என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் நாற்றே விடுவார்கள். அப்பேர்ப்பட்டவர் வீட்டு மொட்டைமாடியில் இப்படி ஒரு தோட்டம்! தலையில் அடித்துக்கொள்ளாமல் வேறு என்ன செய்வார்?

செடிப் பையில் மண் நிரப்பிய சேதி காதில் விழுந்த அன்றைக்கே அவர் சிரித்தாயிற்று. தொழுவுரம் கிடையாது, தேங்காய்நார்த் தூள் கிடையாது. வீடு கட்டி மிஞ்சிக் கிடந்த மணலை அள்ளிப் போட்டு, அதில் நாற்றைச் செருகியிருந்தாள் மகராசி.

"மண்ணுதான் அப்படின்னா எடமாச்சும் ஒழுங்கா இருக்கா? அவ்வளவு பெரிய மாடியில வெயில் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. அதை விட்டுட்டு, தண்ணி டேங்குக்குப் பின்னால, வெயிலே விழாத மூலையில கொண்டுபோய்த் தக்காளிய வச்சவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்."

"எனக்கு அங்கனதான் தோதுப்படுதுங்க."

"உனக்குத் தோதுப்பட்டா ஆச்சா? செடிக்குத் தோதுப்பட வேணாமா?"

மூட்டுவலியால் அவர் மாடியேறி ஆறு மாசம் ஆகிறது. போன மாசம் பொறுக்கமாட்டாமல் கடை ஆள் பலவேசத்தை அனுப்பி, எட்டுப் பைகளையும் வெயில் பக்கம் மாற்றி வைக்கச் சொன்னார். மறுநாளே எட்டும் பழைய மூலைக்குத் திரும்பிவிட்டன. இடுப்புவலிக்காரி, தனி ஆளாக இழுத்து இழுத்தே நகர்த்தியிருந்தாள். அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கிறுக்குத்தனம்தான், ஆனால் வேளை தவறாத கிறுக்குத்தனம். சாயங்காலம் அஞ்சு மணி ஆனால் போதும். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, வாசலில் விருந்தாளி வந்து நின்றாலும் சரி, வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். இறங்கிவர ஒரு மணி நேரம் ஆகும். எட்டுப் பைக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு மணி நேரமா?

"நேத்து உத்தமபாளையத்துல இருந்து சேக் பரீத் வந்தாரு. கடையில நாலு பேரு இருக்கையில, 'அண்ணாச்சி, வீட்டம்மா தோட்டத்துல வெளைச்சல் எப்படி?'ன்னு கேக்குறாரு. எம் மூஞ்சிய எங்கன கொண்டுபோய் வச்சுக்கிட? இன்னையோட போதும். பலவேசம் லோடு ஆட்டோவோட வந்து நிக்கிறான். எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிற வேண்டியதுதான்."

செல்வக்கனிக்கு முகம் வெளுத்துவிட்டது. "வேணாங்க. காய்க்காட்டியும் போகட்டும். எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான். இதையும் புடுங்கிறாதீக."

"அட கிறுக்கே, எட்டுப் பை மண்ணுக்கா இந்த அழுகை? நான் வேணாம்னு முடிவெடுத்தா வேணாந்தான். பெத்த மகளையே தலைமுழுகினவன் நான்!"

அது என்னவோ உண்மை. ஒரே மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய் அஞ்சு வருஷம் ஆகிறது. அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில், எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று ஒருத்தரும் இதுவரை அவர் காதில் போட்டதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினார். பின்னால் வந்த பலவேசம் தலையைச் சொறிந்தான்.

"மொதலாளி, அது பாட்டுக்கு அங்கனயே கெடந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன எடஞ்சல்?"

"ஏலே, நீயும் அவ கட்சியா? வந்து தூக்கு!"

பலவேசம் மாடிக் கதவைத் தாண்டி வரவே இல்லை. இவனையெல்லாம் நம்பினால் ஆகாது என்று அவரே டேங்குக்குப் பின்னால் போனார். அங்கே பைகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருந்தது. தோட்ட வேலை நடக்கிற லட்சணத்தைப் பார், உட்கார்ந்துகொண்டல்லவா பார்க்கிறாள்!

மணி அஞ்சரை ஆகியிருந்தது. குனிந்து, கைப்பிடிச் சுவரை ஒட்டியிருந்த பையைப் பிடித்து இழுத்தார். சுவருக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருந்த தக்காளிச் செடி ஆடியது.

"அம்மாச்சி! இன்னைக்கு ஏன் லேட்டு?"

பின் தெரு வீட்டு மாடியிலிருந்து வந்தது அந்தச் சின்னக் குரல். நடுவில் ஒரு சந்துதான். யார் பிள்ளை யாரை அம்மாச்சி என்கிறது? எரிச்சலோடு நிமிர்ந்தார்.

அந்த வீட்டு மாடிப் பால்கனியில் மூன்று வயசுப் பெண்குழந்தை ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவரையே கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் வீட்டுக்குள்ளே திரும்பிக் கத்தியது.

"அம்மா, ஓடியா! போட்டோவுல இருக்க தாத்தா வந்திருக்காக!"