ஒரே ஒரு சிவப்பு அட்டை

"வெளங்கிச்சா? எங்க, அட்டையைத் தூக்குங்க!"

வகுப்பு முழுக்கப் பச்சை அட்டை. கடைசி வரிசையில் மட்டும் ஒரே ஒரு சிவப்பு. வழக்கம்போல பிரதீஸ்.

சஞ்சீவனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கண்டிக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகக் கம்பஸில் பொருளியல் படிப்பிக்கும் அவள், இந்த வருஷம் கொண்டுவந்த புது முறை இது. பாடம் விளங்கினால் பச்சை, விளங்காவிட்டால் சிவப்பு. பிள்ளைகள் தூங்கி வழியாமல் இருக்க, பச்சை தூக்கினால் ஒரு புள்ளியும் உண்டு. புள்ளி என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. பீடத்தின் தலைவரான பீடாதிபதி காதுக்கும் செய்தி போய்விட்டது. வியாழக்கிழமை நேரில் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துப்போனால் இனிப் பீடம் முழுக்க சஞ்சீவனியின் முறைதான்.

இடையில் இவன் ஒருத்தன் கண்ணில் விழுந்த தூசி மாதிரி.

"எது வெளங்கல, பிரதீஸ்?"

"விலை நெகிழ்ச்சி, மேடம். அந்த வரைபு."

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"வரைபை விடுங்க. உப்பு விலை ஏறினா வாங்காம இருப்பீங்களா? மாட்டீங்க. கொத்து ரொட்டி விலை ஏறினா? பேசாம ரூமுக்குப் போய்ச் சோறு சாப்பிடுவீங்க. அதுதான் நெகிழ்ச்சி. போதுமா?"

"போதும், மேடம். நன்றி."

இவனுக்காகப் பாதி நேரம் போகிறதே என்று அவளுக்கு எரிச்சல். மற்றவர்கள் என்னவோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயந்தரம் நூலகத்துப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே 'குப்பி' நடந்துகொண்டிருந்தது. பரீட்சைக்கு முன் பிள்ளைகளே பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதற்குக் கம்பஸில் அதுதான் பெயர்.

பலகைக்கு முன்னால் நின்று பாடம் எடுத்தவன் பிரதீஸ். அதே விலை நெகிழ்ச்சி. அதே வரைபு. ஒரு கோடு பிசகவில்லை.

ஆக, எல்லாம் நடிப்பு!

மறுநாள் காலையில் அறைக்குக் கூப்பிட்டாள்.

"என்னைப் பார்த்தா கிண்டலா இருக்கா? நல்லா வெளங்கிக்கிட்டே எதுக்குச் சிவப்பைத் தூக்குறீங்க?"

சஞ்சீவனி புள்ளிப் பதிவேட்டை அவன் முன்னால் விரித்தாள்.

"ஒவ்வொரு தடவையும் உங்களுக்குப் புள்ளி போகுது. தெரியும்தானே?"

"தெரியும், மேடம்."

"பீடாதிபதிக்கு முன்னாலயும் இந்த விளையாட்டைக் காட்டப்போறீங்களா? அப்புறம் ஒழுக்காற்று விசாரணைக்குத்தான் எழுதுவேன். ஏன்னு சொல்லுங்க!"

அவன் வாயைத் திறந்தான். பிறகு என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான்.

"மன்னிச்சிருங்க, மேடம். வியாழக்கிழமை பச்சையே தூக்குறேன்."

திமிர் பிடித்தவன் என்று முடிவு கட்டினாள்.

வியாழக்கிழமை. பின்வரிசையில் பீடாதிபதி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சஞ்சீவனி புதுப் பாடம் ஒன்றைப் பிசிறில்லாமல் நடத்தி முடித்தாள்.

"வெளங்கிச்சா? அட்டை!"

எல்லாம் பச்சை. பிரதீஸும் பச்சை. பீடாதிபதி முகமெல்லாம் சிரிப்பு.

ஆனால் பிள்ளைகள் ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. வகுப்பே திரும்பிப் பிரதீஸின் அட்டையைப் பார்த்தது. பரீட்சை மண்டபத்தில் பேனா மை தீர்ந்துபோனவர்களின் முகம் எல்லாருக்கும்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இத்தனை நாளும் அவன் சிவப்பு யாருக்காக என்று சஞ்சீவனிக்கு அப்போதுதான் உறைத்தது. பீடாதிபதி இருப்பதையும் மறந்து சொன்னாள்.

"கீழ போடுங்க. இனிமே பச்சைக்குப் புள்ளி கிடையாது. சிவப்புக்கும் ஒண்ணும் குறையாது. இப்ப உண்மையாத் தூக்குங்க."

 முதலில் முன்வரிசையில் ஓர் அட்டை எழுந்தது. அதைப் பார்த்துப் பக்கத்தில் ஒன்று. அப்புறம் மளமளவென்று வகுப்பு முழுக்கச் சிவப்பு.

கடைசி வரிசையில் மட்டும் ஒரே ஒரு பச்சை. பிரதீஸ்.