நூற்று முப்பதாவது படி

"வீடு பிரமாதம், மோரீன். ஆனா அந்தப் பொம்பளை இருக்கிற தெருவுல நம்மால குப்பை கொட்ட முடியாது."

நியூசிலாந்தின் தென்கோடி ஊரான இன்வர்கார்கிலில் போனைப் பிடித்திருந்த மனைவி மோரீன் பல்லைக் கடித்தாள். "ஹேமிஷ், நல்லா யோசி. இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏஜென்ட் ஒப்பந்தத்தோட வர்றான். இதை விட்டா நடக்கிற தூரத்துல வேற வீடே இல்லைன்னு நீதான் சொன்னே. காரையும் வித்தாச்சு."

காரை விற்கச் சொன்னவர் டாக்டர். "தினமும் நடங்க. மூச்சு வாங்கினா உடனே நில்லுங்க. உங்க இதயம் பழைய இதயம் இல்ல" என்று சொல்லியிருந்தார். ஹேமிஷ் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். ஆட்டுக்கிடாயைத் தோளில் போட்டுக்கொண்டு வேலி தாண்டிய பரம்பரை. நடுவழியில் நிற்பதாவது!

வெலிங்டனில் புது வேலை. 'அலுவலகத்துக்கு ஒன்பதே நிமிட நடை' என்ற விளம்பரத்தைப் பார்த்து, ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக வந்திருந்தார். முதல் நாள் காலையில் கடிகாரம் பார்த்தபடி இறங்கினார். சரியாக ஒன்பது நிமிடம். வழியிலேயே மீன் கடை, ரொட்டிக் கடை, நூலகம் எல்லாம் இருந்தன.

இன்வர்கார்கில் தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். போகிற தூரம்தான் வருகிற தூரம் என்று நம்பி ஐம்பத்தாறு வயது வரை வாழ்ந்துவிட்டார் மனிதர். திரும்பி வரும்போது இருநூற்றுப் பதினாலு படி ஏற வேண்டும் என்பதைச் சாயங்காலம்தான் கண்டுபிடித்தார். அதைப் பற்றி மோரீனிடம் மூச்சு விடவில்லை.

அந்தப் பொம்பளையைப் பற்றித்தான் தினமும் புலம்பினார்.

நூற்று முப்பதாவது படியில் மெரியானாவின் வீடு. எப்போது பார்த்தாலும் கையில் கத்தரியோடு வேலிச்செடியை வெட்டிக்கொண்டிருப்பாள். வெட்டி வெட்டி அந்த இடத்தில் செடி மொட்டையாகியே விட்டது.

"என்ன தெற்கத்திக்காரரே, பையில என்ன?"

"மீ... மீன்."

"என்ன மீன்? என்ன விலை? யாரு சமைப்பாங்க?"

அது திங்கட்கிழமை. செவ்வாயன்று உத்தியோகம், சம்பளம், மனைவியின் பிறந்த வீடு. புதனன்று, "உங்க ஊர் சீஸ் ரோல் எப்படிச் செய்யறது? மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள்.

ஹேமிஷ் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியபடி சொன்னார். ரொட்டி, சீஸ், உருக்கித் தடவுவது, சுருட்டி வாட்டுவது.

"வெங்காயம் போடுவீங்களா?"

"போடுவோம்."

வியாழக்கிழமை மறுபடியும், "அந்த சீஸ் ரோல்..." என்று ஆரம்பித்தாள்.

"நேத்துதானே சொன்னேன்!"

"மறந்துட்டேன். மொதல்ல இருந்து சொல்லுங்க."

ஒப்பந்தப்படி ஒரு வருஷம் இந்த விசாரணையைத் தாங்க முடியுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஏஜென்டிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் முடிவோடு ஹேமிஷ் படியேறினார்.

அவருக்கு முன்னால் ஓர் இளம்பெண் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு தாவித் தாவி ஏறினாள். மெரியானா தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஹேமிஷ் வந்ததும் கத்தரி நின்றது. "என்ன தெற்கத்திக்காரரே, அந்த சீஸ் ரோல்..."

ஹேமிஷுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் கத்துவதற்குக் காற்று வேண்டுமே.

"அந்தப் பொண்ணை... விட்டுட்டு... என்னை மட்டும்... ஏன்..."

மெரியானா இல்லாத இலையை இரண்டு தடவை வெட்டினாள். "மறுபடி சொல்லுங்க."

"அந்தப் பொண்ணை விட்டுட்டு என்னை மட்டும் ஏன் தினமும் பிடிச்சு வெச்சுக் குடையறீங்க?"

"ம், ஒரே மூச்சுல வந்துடுச்சு. இப்ப நீங்க போகலாம்."

ஹேமிஷ் போகவில்லை. "என்னது?"

"அந்தப் பொண்ணுக்கு மூச்சு வாங்கலையே" என்றாள் மெரியானா. "முன்ன இங்க ஒரு பெஞ்ச் போட்டிருந்தேன், முடியாதவங்க உட்காரட்டும்னு. ஒரு ஆம்பளை உட்காரணுமே! கௌரவக் குறைச்சலாம். என் வீட்டுக்காரரும் உட்காரல."

கத்தரியால் மேலே சுட்டினாள். "அந்த வளைவு வரைக்கும்தான் போனார்."

ஹேமிஷ் வளைவைப் பார்த்தார். தினமும் அங்கே வரும்போது இதயம் காதில் அடிப்பதை நினைத்துக்கொண்டார்.

"பெஞ்சை எடுத்துட்டு வாயைத் திறந்தேன். வம்புக்காரின்னு பேரு வந்துச்சு, வரட்டும். வம்பு பேச நிக்கறதுல மட்டும் யாருக்கும் கௌரவம் குறையறதில்ல பாருங்க."

"அப்போ அந்த வெங்காயம்...?"

"எனக்கு எதுக்குங்க வெங்காயம்? சீஸே ஒத்துக்காது!"

போன் அடித்தது. மோரீன். "என்ன, அந்தப் பொம்பளை இன்னிக்கும் பிடிச்சிட்டாளா?"

"பிடிச்சிட்டாங்க. நான் கையெழுத்துப் போடப் போறேன். ஏன்னு அப்புறம் சொல்றேன். சொல்ல வேண்டியது நிறைய இருக்கு."

போனை வைத்துவிட்டுக் கீழே பார்த்தார். ஏஜென்ட் கிரெய்க் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கழுத்துப் பட்டையைத் தளர்த்தியபடி ஏறி வந்துகொண்டிருந்தான். கொழுத்த உடம்பு, பீட்ரூட் முகம். "மேல... போயிடலாம்... வாங்க" என்று நிற்காமல் தாண்டப் பார்த்தான்.

ஹேமிஷ் மொட்டை வேலியில் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு வழியை மறித்தார்.

"என்ன கிரெய்க், மத்தியானம் என்ன சாப்பாடு? மொதல்ல இருந்து சொல்லுங்க."